நாயைக் கட்டும் நேரம்

சட்டைப் பையின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். உருகிய நீல மெழுகு தாளில் ஏறிப் பரவியது. தாளை நகர்த்தி, சுத்தமான இடமாகப் பார்த்து மறுபடி அழுத்தினாள். பையில் இருந்த கிரேயான் துண்டை ஏற்கெனவே எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள்.

"அண்ணி, இப்பப் போய் இஸ்திரியா?" நாத்தனார் கதவோரம் நின்று கிசுகிசுத்தாள். "பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"கசங்கின சட்டையோட அனுப்பச் சொல்றியா உங்கண்ணன?"

"அதுக்கில்ல. கொஞ்சம் அழுதுடுங்க அண்ணி. நேத்திலேர்ந்து கல்லு மாதிரி இருக்கீங்க. வந்தவங்கெல்லாம் உங்க மூஞ்சியத்தான் பார்க்கறாங்க."

"வரல."

நாத்தனார் கையை நீட்டினாள். இஸ்திரி போட்ட சட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

கணவருக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. தெருத் தெருவாகப் போய் மணி அடித்தால் உள்ளேயிருந்து, "இருங்க, நாயைக் கட்டறோம்" என்று குரல் வரும். அந்த இடைவெளியில் மற்ற ஊழியர்கள் போனைப் பார்ப்பார்கள். இவர் புதுச் சட்டைக்குள் கடையில் மடித்து வைத்துத் தரும் மெல்லிய தாளை எடுத்து, கேட்டின் இரும்புப் பூ, மீட்டர் மூடி, செங்கல் சுவர் என்று கைக்குக் கிடைத்ததன் மேல் வைத்துக் கிரேயானால் தேய்ப்பார். அடியில் இருப்பது தாளில் எழும்பி வரும். அடங்காத நாய் இருக்கும் வீடுகளில்தான் அவருக்குப் பெரிய படங்கள் கிடைத்தன.

ஒரு வீட்டுக்காரர், இவர் பூட்டை அச்செடுக்கிறார் என்று ஸ்டேஷனுக்கே இழுத்துப் போய்விட்டார். இவள்தான் போய்க் கூட்டி வந்தாள். இன்ஸ்பெக்டர் சந்தேகம் தீரத் தன் பெல்ட் பக்கிளைத் தேய்க்கச் சொல்லிப் பார்த்து, நன்றாக வந்திருந்ததால் தானே வைத்துக்கொண்டார்.

வீட்டிலும் அதேதான். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கையில் சல்லடை, இவளுடைய சீப்பு. "வயசுக்கேத்த வேலையா இது?" என்று கேட்டால், "வயசானா சீப்பு தரமாட்டியா?" என்பார்.

நேற்றும் யாரோ இருக்கச் சொன்னார்கள். நாயைக் கட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் அவருடைய அண்ணன் சின்ன ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்து மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'தலைவர்'. அன்றாடப் படைப்பூக்க மன்றத்தின் தலைவர். வேலைக்குப் போகிறவர்கள் ஓவியத்துக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று ஞாயிறுதோறும் வகுப்பு எடுப்பவர். மாடியில் வடக்கு வெளிச்சம் வருகிற மாதிரி அறை கட்டி, வெளிநாட்டிலிருந்து ஓவியத் தாங்கி வரவழைத்து நிறுத்தியிருக்கிறார். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. மனசு தயாராக வேண்டுமாம்.

"கட்டில் அடியில இருந்த படக் கட்டெல்லாம் எடுத்தாச்சும்மா" என்றார். "பெரிய கண்காட்சியா வைக்கறோம். தொடக்க உரை நானே பண்ணிடறேன்."

அவள் குனிந்து தாள்களைப் புரட்டினாள். கேட், மூடி, சல்லடை, யார் வீட்டுப் படிக்கட்டோ. ஊரே இருந்தது.

"இதுல அவர் எங்கயும் இல்லையே மாமா."

"கலைஞன் தன்னை மறைச்சுக்குவான்" என்றார் தலைவர். சொன்னது அவருக்கே பிடித்துப்போயிற்று. தங்கையிடம் திரும்பி, "இதை ஞாபகம் வெச்சுக்க, பேசறப்ப எடுத்துக்குடு" என்றார்.

அமரர் ஊர்தி ஓட்டுநர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "சார், இன்னொரு எடத்துக்கும் போகணும்."

"ரெண்டே வார்த்தை" என்றார் தலைவர்.

அந்த இரண்டு வார்த்தையை அவளுக்குத் தெரியும். அவள் கல்யாணத்தில் அதைக் கேட்டு முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஆனால் எப்படியும் ஒரு நேரத்தில் முடியும். முடிந்ததும் தூக்கிவிடுவார்கள். உள்ளே போய் ஜன்னல் விளிம்பிலிருந்து கிரேயானையும், புதுச் சட்டை ஒன்றைப் பிரித்து அதன் தாளையும் எடுத்து வந்து, கூடத்தின் நடுவே ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் உள்ளங்கை. தாளை வைத்துத் தேய்த்தாள். சதை அமுங்கியது. வெறும் நீலம்தான் அப்பிக்கொண்டது, ஒரு ரேகைகூட வரவில்லை. தாளைத் திருப்பிக்கொண்டு கால்மாட்டுக்கு நகர்ந்தாள். போர்வையை விலக்கினாள். தெருத் தெருவாய் நடந்த குதிகால், காய்ந்து வெடித்து, ஓடு மாதிரி இருந்தது. தாள் நழுவாமல் இடது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

கூடத்தில் இருந்தவர்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்குவது தெரிந்தது.

"விடுங்க, யாரும் தொடாதீங்க" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சியபடி. "இப்பத்தான் அழறாங்க."

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்த தலைவர் கவனித்தார். தன் பேச்சுக்கு இப்படி ஒரு பலனை அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்ததில்லை. முடிக்கப்போனவர், தொண்டையைச் செருமி, குழந்தைப் பருவத்திலிருந்து மறுபடி தொடங்கினார். "இவன் கையில மொதமொதல்ல பென்சிலக் குடுத்தது யாரு? நான்..."

ஒரு வெடிப்பு வந்தது. நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடாக. அதிலிருந்து கிளை பிரிந்து இன்னொன்று. விளிம்புக்குப் போகப் போகக் கிரேயான் தேய்ந்து நகம் தாளில் பட்டது. அவள் நிறுத்தவில்லை.

பேச்சு முடிந்தது. பழக்கதோஷத்தில் ஒருவர் கைதட்டத் தொடங்கி, பாதியில் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"தூக்கலாமாம்மா?" என்றார் ஓட்டுநர்.

தாளை மடித்து இடுப்பில் செருகினாள். போர்வையை இழுத்துக் காலை மூடினாள். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவிட்டார்கள். எழப் பார்த்தாள், முடியவில்லை.

"கால் மரத்துப்போச்சு" என்றாள். "கொஞ்சம் இருங்க."

சுமையோடு அவர்கள் அப்படியே நின்றார்கள். நாத்தனார் மண்டியிட்டு அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். அவளுடைய மரத்த கட்டைவிரல் நுனியில் மெல்ல எறும்பு ஊர்ந்தது.