இழுத்தால் பிரியாது

லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்குப் 'பஞ்சு' என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததில்லை. உடம்பு ஒட்டடைக் கம்பு மாதிரிதான் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று அமுங்கிப் போகிற சுபாவத்துக்கு வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் தன்னை அடிக்காதவர்கள் அன்றைக்கு லீவு போட்டவர்கள் மட்டும்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஒருமுறை திறக்காத லிப்ட் கதவை உதைத்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கம்பெனியில் ஒரு கதை உலவுகிறது. கதையெல்லாம் இல்லை, நடந்ததுதான்.

இப்படிப்பட்ட ஆளின் வீட்டுக்குத்தான் தங்கச்சி அடைக்கலம் தேடி வந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. காதோரம் தையல். ஒரு கண் வீங்கி, மூடின சிப்பி மாதிரி இருந்தது. முதல் தடவை வந்தபோது மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். அடுத்த தடவை குளியலறையில் வழுக்கிவிட்டது. இந்தத் தடவை கதை கட்டத் தெம்பில்லை.

"அடிச்சிட்டார்" என்றாள், மழை பெய்யுது என்று சொல்கிற குரலில்.

முன் இரண்டு தடவையும் மாப்பிள்ளை வந்து அழுதார். தங்கச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பஞ்சு வாசல்வரை போய் டாட்டா காட்டினான். அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறான். இன்னொரு தடவை போனால் அவள் நடந்து திரும்பி வரப்போவதில்லை, யாராவது தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்பது அவள் கண்ணைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை மெத்தைக் கடையில் விற்பனையாளர். பேச்சும் சரக்கு மாதிரியே மெத்தென்று இருக்கும். வீட்டுக்குள்தான் வேறு. பெல்ட், செருப்பு, குக்கர் மூடி, கைக்கு எது அகப்படுகிறதோ அது. ஆனால் தங்கச்சியை உண்மையில் நொறுக்கியது அதெல்லாம் இல்லை. அவள் கொக்கி ஊசியால் குரோஷே பின்னல் போடுவாள். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ முடிப்பாள். அடித்துக் களைத்தபிறகு மாப்பிள்ளை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுப்பார். சர்ரென்று பிரியும். டிவியில் ஒரு விளம்பர இடைவேளைக்குள் தோள் போய்விடும், அடுத்ததற்குள் கை. பிரிந்து விழுகிற நூலை அவள் எதிரே நின்று உருண்டையாகச் சுற்றவேண்டும். உதட்டில் ரத்தம் வழிந்தாலும் சரி, உருண்டை கோணலாக இருக்கக்கூடாது.

மாவுக்கட்டு பிரித்த வாரம், அவளே போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

"அண்ணா, இந்த மாதிரி போர்வை போடப்போறேன். மொசைக்காம். மேல மேல விழற மாதிரி."

"போடேன்."

"நூல் நிறைய வீணாகும். ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் வெட்டணும்."

"ஒவ்வொரு வரிசைக்குமா? எதுக்கு?"

"வெட்டி முடிச்சுப் போட்டா, ஒருத்தர் இழுத்து மொத்தத்தையும் பிரிக்க முடியாதில்ல."

பஞ்சு அன்று மாலையே நூல் வாங்கி வந்தான். கருநீலம் நிறைய, அதன்மேல் போட மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு. ரத்தச் சிவப்பை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பதில் ரோஜா நிறம் வந்தது.

மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. ஒரு வரிசை போட்டால் விரல் மரத்துவிடும். அதனால் அவள் சொல்லிக்கொடுக்க, கருநீல வரிசைகள் பஞ்சுவின் பொறுப்பு, வண்ண வரிசைகள் அவளுடையவை என்று ஆனது. "கருநீலம்னா கிரீஸ் பட்டாலும் தெரியாது" என்று அவன் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான்.

வேலை பார்க்கக் கஷ்டம், சொல்லச் சுலபம். எப்போதும் வலது ஓரத்தில்தான் தொடங்கவேண்டும். ஒவ்வொரு பின்னலின் தலையிலும் இரண்டு கண்ணி இருக்கும். பின்னால் இருக்கிற கண்ணியில் மட்டும் ஊசியை விடவேண்டும். முன்கண்ணி சும்மா நிற்கும். அதற்குமேல் அவள் மஞ்சளில் ஒரு வரிசை போவாள். அடுத்து மறுபடி நீலம் வரும்போது, டிசைன் கேட்கிற இடத்தில் ஒரு நீளப் பின்னல் மஞ்சளைத் தாண்டிக் கீழே குதித்து, சும்மா நிற்கிற அந்த நீல முன்கண்ணியைக் கவ்விப் பிடிக்கும். மஞ்சள்மேல் நீலம் கம்பி போட்ட மாதிரி விழும். அப்படி விழுந்து விழுந்துதான் சதுரமும் படிக்கட்டும் வைரமும் உருவாகும்.

முதல் நாள் அவளுடைய மஞ்சள் வரிசை முடிந்ததும் அவன் துணியைத் திருப்பிப்போட்டு, அது போன வழியே திரும்பினான். நீளப் பின்னல் எல்லாம் பின்பக்கம் போய் விழுந்தது.

"திருப்பாதேன்னு சொன்னேனே. லிப்ட் மாதிரி போயிட்டு வந்துட்டு இருக்க."

"எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானே."

அவள் சிரித்தாள். சிரித்தபோது தையல் தழும்பு இழுத்து வலித்தது, காதைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வை வளர்ந்தது. இரண்டு ஓரத்திலும் வெட்டின நூல்முனைகள் பிடரி மயிர் மாதிரி தொங்கின. கடைசியில் ஒரு கரை போட்டு அவற்றை உள்ளே மூடிவிடலாம் என்றாள். நாளாக ஆக அவள் பின்னல் இளகிவந்தது. ஆரம்ப மஞ்சள் வரிசைகள் தகரம் மாதிரி விறைத்திருந்தன. ஆரஞ்சு வந்தபோது துணி துணியாகவே மடிந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை பஞ்சு ரோஜா வரிசையைத் தாண்டி ஊசியை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. அவள் போட்ட வரிசை அவ்வளவு இறுக்கம். கீழே இருந்த அவனுடைய கண்ணிகளையும் சேர்த்து நெரித்திருந்தது. ஊசி வழுக்கி அவன் கட்டைவிரலில் ஏறியது.

விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டான். "யார் போன் பண்ணா?"

"யாருமில்ல."

"ஊசி போகலம்மா."

அவள் சுவரைப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை வராராம். பேசணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"எதுக்குச் சொன்ன?"

"தெரியல. வாய் சொல்லிடுச்சு."

"போகப் போறியா?"

பஞ்சு ஒரு முடிவுக்கு வந்தான். கதவைத் திறக்கப்போவதில்லை. திறந்தாலும் ஒரு சாண்தான். "என் தங்கச்சி வரமாட்டா, நீ கிளம்பு." சனிக்கிழமை முழுக்க குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான். கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை. இருந்தாலும் குரல் மோசமில்லை.

ஞாயிறு மதியம் மணி அடித்தது. பஞ்சு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் சிரித்தபடி நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்றது பஞ்சுவின் வாய். "தண்ணி சாப்பிடறீங்களா?"

அவர் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. தங்கச்சி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் எங்கே போய் ஒளிந்துகொள்வது?

"இளைச்சிட்டியே, கண்ணு" என்றார் மாப்பிள்ளை. "மச்சான் சரியா கவனிக்கலையா? பெட்டிய எடு. வண்டி கீழ நிக்குது."

"பேசணும்னீங்க" என்றாள்.

"பேசிட்டேனே."

அப்போதுதான் சோபாவின் கைப்பிடியில் கிடந்த போர்வை அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்தது. இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஓரத்தில் ஒரு நூல்முனையைப் பார்த்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

ஓரம் கொஞ்சம் சுருங்கியது. அவ்வளவுதான்.

இன்னொரு முனையை இழுத்தார். முடிச்சு இறுகியது. அடுத்தது. அதற்கடுத்தது. மறுபக்கம் திருப்பி அங்கே ஒன்று. எங்கே இழுத்தாலும் ஒரு விரற்கடை வந்து நின்றது. நெற்றியில் வியர்வை பூத்தது. கடையில் மெத்தையின் ஜிப் சிக்கிக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் மாட்டிக்கொண்ட முகம்.

தங்கச்சி சிரித்துவிட்டாள். வேண்டும் என்று சிரிக்கவில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது.

மாப்பிள்ளை எழுந்து அவள் வாயில் அறைந்தார். அவள் தலை அலமாரியில் மோதி, கண்ணாடிக் கதவு உடைந்து கொட்டியது. விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி வயிற்றில் முழங்காலால் இடித்தார். பஞ்சு நடுவில் போனான்.

"மாப்பிள்ளை, கைய எடுங்க. தப்புங்க."

முழங்கை ஒன்று வந்து அவன் மூக்கில் இறங்கியது. உள்ளே எதுவோ நறுக்கென்றது. கண்ணில் பூச்சி பறக்க, சுவரில் முதுகு தேய்ந்து உட்கார்ந்தான். அவன் தொண்டைக்குள் ரத்தம் சூடாக இறங்கியது. எதிர்வீட்டுக்காரர் வெளியிலிருந்து, "டிவியக் கொஞ்சம் குறைங்க சார்" என்றார். பஞ்சு அந்த நிலைமையிலும் "சரிங்க" என்றான்.

கண் தெளிந்தபோது மாப்பிள்ளை போர்வையைத் தங்கச்சியின் தலைமேல் போட்டு, பின்கழுத்தில் முறுக்கிக்கொண்டிருந்தார். நிதானமாக, இரண்டு கையாலும், ஈரத்துணி பிழிகிற மாதிரி. "பிரியாதா? பிரியாதாடி?" அவள் கால்கள் கண்ணாடித் தூளை வாரி வாரி இறைத்தன. போர்வைக்குள்ளிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

பஞ்சுவின் வேலைப்பை கதவோரம் இருந்தது. பெரிய ஸ்பானர் எப்போதும் மேலாகவே இருக்கும்.

முதல் அடி தோளில். கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான் விழுந்தது. "விடுங்க மாப்பிள்ளை." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்ததை இடது முழங்கையில் போட்டான். காய்ந்த விறகு முறிகிற சத்தம். அந்தக் கை கீழே, மடியக்கூடாத பக்கம் மடிந்து தொங்கியது. மாப்பிள்ளை அலறித் திரும்பினார். முழங்காலில் ஒன்று. சரிந்தார். விலாவில் ஒன்று. "மாப்பிள்ளை" என்றான். இன்னொன்று. "மாப்பிள்ளை." நெஞ்சில் எத்தனையோ வருஷமாக அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று வழிவிட்ட மாதிரி, கை தானாக ஏறி இறங்கியது. இதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. பயந்துகொண்டே மறுபடியும் ஓங்கினான். கீழே அந்த இஸ்திரிச் சட்டைக்கு மேலே, நரைக்க ஆரம்பித்த மண்டை அவனுக்கு வசதியாக இருந்தது.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். தங்கச்சி. போர்வை தோளில் வழிந்து கிடந்தது. கழுத்தில் சிவப்புத் தடம், உதட்டில் ஒரு ரோஜா நூல் ஒட்டியிருந்தது.

"தலையில வேணாம்ணா" என்றாள். குரல் கரகரவென்று, அவளுடையது மாதிரியே இல்லை. "கை கால்னா நீ வீட்டுக்கு வந்துடுவ. தலையில அடிச்சா வரமாட்ட."

பஞ்சு ஸ்பானரைத் தரையில் போட்டான். அவளே போனை எடுத்து, போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலாசம் சொன்னாள். மூன்றாவது மாடி, லிப்ட் வேலை செய்யும், என்றாள்.

மாப்பிள்ளை தரையில் கிடந்து அழுதார். ஒருகாலத்தில் பஞ்சுவையும் உருக்கின அதே அழுகை. "நான் மாறிடறேன் கண்ணு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? சத்தியமா இனி தொடமாட்டேன்." ஸ்பானரால் ஆகாததை இது செய்துவிடும் என்று பஞ்சுவுக்குத் தெரியும். தங்கச்சி கண்ணாடித் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிறவள் முகத்தில் அவனால் எதையும் படிக்க முடியவில்லை.

கீழே இரண்டு வண்டி நின்றது. ஆம்புலன்ஸில் மாப்பிள்ளையை ஏற்றினார்கள். பக்கத்தில் போலீஸ் வேனில் பஞ்சு, மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேனின் கதவு திறந்திருந்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான்.

"யாரும்மா வீட்டுக்காரம்மா? ஏறுங்க, நேரமாகுது" என்றான் ஆம்புலன்ஸ் ஊழியன்.

"கண்ணு" என்றார் மாப்பிள்ளை உள்ளேயிருந்து.

தங்கச்சி கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். பஞ்சு கண்ணை மூடிக்கொண்டான். போகட்டும் என்று நினைத்தான். போகாதே என்று கத்தத் திராணி இருந்தால், அதைக் கதவு திறக்கும்போதே காட்டியிருக்கவேண்டும்.

"யாரும் வரல" என்று அவள் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தான். கால் தரையில் இருந்தது.

"என்னம்மா, ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஆள் வேணாமா?"

"அவரே போடுவார். வலது கைக்கு ஒண்ணும் ஆகல." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "நல்லாப் பழகின கை."

அவள் நடந்து வந்து வேனில் ஏறினாள். போலீஸ்காரர், "நீங்க எதுக்கும்மா? அடிச்சது இவர்தானே" என்றார்.

"அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் நான்தான சார் சொல்லணும். ரொம்ப நேரமாகும்" என்றாள்.

பிறகு பஞ்சுவின் தொடையில் முழங்காலால் ஒரு இடி இடித்தாள்.

"தள்ளி உக்காருண்ணா."