ஏட்டம்மா பிடித்த கயிறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குற்றாலத்தில் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தி மாட்டிக்கொண்டபோது கிடைத்த கதை இது. அபராதம் போட வந்த ஏட்டு இசக்கிச்செல்வி, நான் கதை எழுதுகிறவன் என்றதும் பேனாவை மூடினார்.

"அப்ப ஒரு விசயம் சொல்லுதேன். எழுதுவீங்களா?"

(அபராதம் தப்பியதா என்கிறீர்களா? எங்கே! கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் போட்டார்.)

முன்பின் தெரியாத என்னிடம் ஏன் சொன்னார்? அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

2

'மலைகள் அவளை அழைத்தன...'

சீ! மலை யாரை அழைத்தது? வம்புக்கு இழுத்தது கூட வேலை பார்க்கும் விஸ்வநாதன்.

"நாப்பத்தாறு வயசுல கொல்லம் வரைக்கும் சைக்கிளா? புளியரையத் தாண்ட மாட்டீங்க."

இசக்கிச்செல்விக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எறங்கி உருட்ட மாட்டேன், ஒரு வண்டி தயவும் வேண்டாம். மிதிச்சே போயி, கடல்ல முன்சக்கரத்த நனைச்சு போட்டோ அனுப்புதேன், பாரும்!" என்று ஸ்டேஷனே கேட்கச் சொல்லிவிட்டார்.

3

விடியும்போது இலஞ்சியிலிருந்து கிளம்பினார். செங்கோட்டை, புளியரை, அப்புறம் மலை வளைவுகள். சைக்கிளுக்குக் கியர் கிடையாது. இரண்டாவது வளைவிலேயே தொடை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மேலே ஏறி

[இல்லை. அப்படி நடக்கவில்லை.]

புளியங்குடி எலுமிச்சை லாரி ஒன்று பக்கத்தில் ஊர்ந்து போனது. பின்னால் தார்ப்பாய்க் கயிறு தொங்கியது. எட்டிப் பிடித்துக்கொண்டார். சைக்கிளில் லாரியைப் பிடித்துப் போகிற பையன்களை நடுரோட்டில் தோப்புக்கரணம் போடவைத்த அதே ஏட்டம்மா!*

டிரைவர் பீர் மைதீன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். பையன்களைத் தொங்கவிட்டதற்காகப் போன மாதம்தான் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆனாலும் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை இன்னும் மெதுவாக்கினார். உச்சிக்கு வந்ததும் தலையை நீட்டினார்.

"ஏட்டம்மா, விட்டுருங்க, எறக்கம் வருது. நான் ஒண்ணும் பாக்கல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது இசக்கிச்செல்விக்கு.

* எத்தனை பையன்கள் என்று கேட்டேன். "எண்ணி வைக்கல சார்" என்று வேறு பக்கம் பார்த்தார்.

4

மிச்ச தூரம் முழுக்க மிதித்தே போனார், அதில் பொய்யில்லை. சாயங்காலம் கொல்லம் கடற்கரை. அன்று அதோடு நிறுத்திக்கொண்டார். முடிவை நானே இரண்டு விதமாக எழுதி, பிறகு அவரிடமே படித்துக் காட்டினேன்.

அ) அலைக்கு ஒரு முழம் முன்னால் நின்று, நனைக்காமலே திரும்பிவிடுகிறார்.

ஆ) வீடியோ காலில் விஸ்வநாதனிடம் உண்மையைப் போட்டு உடைக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் சக்கரத்த நனைச்சேன் சார். சிரிச்சிக்கிட்டே போட்டோவும் எடுத்தேன். ஸ்டேஷன்ல பிரேம் போட்டு மாட்டிட்டாங்க. வாரவங்க போறவங்ககிட்டல்லாம் விஸ்வநாதன் காட்டுதாரு. அவரே சொந்தச் செலவுல மாட்டுனது. தெனமும் அதுக்குக் கீழதான் உக்காந்து வேல பாக்கேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்திராதீங்க! எனக்கு அவருகிட்ட சொல்ல வாய் வரல. அதுக்குத்தான உங்ககிட்ட சொன்னேன்."

5

ஆக, முடிவு என் கையில் இல்லை. மற்ற வாசகர்கள் கொஞ்சம் விலகிக்கொள்ளுங்கள்.

விஸ்வநாதன் சார், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் எதிரேதான் உட்கார்ந்திருப்பார். எழுதுவதுபோல் குனிந்திருப்பார், ஆனால் எழுதமாட்டார். நீங்கள் நிமிர்ந்து பார்த்தவுடன் என்ன சொல்லப்போகிறீர்கள் என்றுதான் காத்திருக்கிறார்.