சத்தமாகச் சொல்லுங்கள்

திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரரின் எண். அதன் கீழே அவர் பெயர், வண்டி எண், அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் ‘முடக்கப்பட்டது’.

“வணக்கம். முப்பத்தொன்று பேசுகிறேன். உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

இந்தக் கால் சென்டரில் எங்களுக்கெல்லாம் பெயர் கிடையாது, இருக்கை எண்தான். போன மாதம் வரை தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கும் கம்பெனிக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு திங்கட்கிழமை வந்தபோது, இனிமேல் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிக்காகத் திட்டு வாங்க வேண்டும் என்றார்கள். எந்தக் கம்பெனி என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். தினமும் காலையில் அதே கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற மனிதரிடம், ஒரு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை.

“மேடம், வணக்கம் மேடம். என் ஐடி பிளாக் ஆயிடுச்சு மேடம். ஆர்டரே வர மாட்டேங்குது.”

என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வீட்டில் நான் பேசும் பேச்சு வேறு. இங்கே, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு புத்தகம் படிப்பதுபோலப் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் பக்கமோ ஒரே வண்டி இரைச்சல். பத்து வருஷமாக என்னை ‘ஏய்’, ‘இங்க பாரு’ என்று கூப்பிடும் வாயிலிருந்து மூச்சுக்கு மூச்சு மேடம் வந்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொல்லவில்லை.

சொந்தக்காரர் அழைத்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் அவருடைய புகார் வேறு குழுவுக்குப் போகும். அங்கே போன யாருக்கும் ஐடி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சொல்லாமல் பேசி, பிறகு யாராவது பதிவைக் கேட்டுக் கண்டுபிடித்தால் என் வேலை போய்விடும். யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. வாய் முந்திக்கொண்டது.

“என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.”

“பதினோராவது மாடி மேடம். லிஃப்ட் குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான்னு கேட்லயே சொல்லிட்டாங்க. சாமான் ஏத்துற லிஃப்ட் ரிப்பேர். ஏறித்தான் போனேன். அந்தம்மா, ஏன் ஆறிப்போச்சுன்னு கத்துனாங்க. லிஃப்ட்ல விட்டிருந்தா சூடா வந்திருக்கும்னு சொன்னேன் மேடம். அவ்வளவுதான் சொன்னேன். சத்தியமா வேற ஒண்ணும் சொல்லல.”

வாடிக்கையாளர் எழுதியது என் திரையில் இருந்தது: ‘திமிராகப் பேசினார்.’

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுவார். எங்கள் இரண்டாவது மாடிக்கே அப்படி. ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்துப் பேச்சை நிறுத்தினேன். அவர் காதில் பாட்டு ஓடும். ஆனால் அந்தப் பக்கம் பேசுவது எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இது அழைப்பவர்கள் யாருக்கும் தெரியாது.

“இல்லடா, எடுத்திருக்காங்க. நல்லாத்தான் பேசுறாங்க.” பக்கத்தில் நிற்கும் கூட்டாளியிடம் சொல்கிறார் போல. “எங்க வீட்டுல மட்டும் உளறிடாத. அவ உக்காந்து மரியாதையா வேலை பாக்குறவ. நான் இப்படி நடுரோட்டுல கெஞ்சிட்டு நிக்கிறது தெரிஞ்சா அவ்வளவுதான்.”

மரியாதையான வேலையாம். தண்ணீர் குடிக்கப் போனால்கூட நிமிஷக் கணக்கு எழுதுகிறார்கள் என்பதை நானும் அவரிடம் சொன்னதில்லை.

திரையில் எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. திமிர் என்று புகார் வந்தால், அவர் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது பதிவாக வேண்டும். பதிவானால்தான் ஐடியைத் திறக்கும் பொத்தான் ஒளிரும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த மனிதர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் சண்டை போட்டால், மறுநாள் ஒரு காரணமும் இல்லாமல் பாத்திரம் கழுவி வைப்பார். அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

“நான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் செய்தது தவறு. மன்னித்துவிடுங்கள். இனி இவ்வாறு நடக்காது.”

வைத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வைத்துவிடாதீர்கள் என்றும் கெஞ்சினேன்.

“நான் பண்ணது தப்பு. மன்னிச்சிருங்க. இனிமே நடக்காது.”

முணுமுணுப்பாகச் சொன்னார். பொத்தான் ஒளிரவில்லை. குரல் போதவில்லை என்று காட்டியது.

“சத்தமாகச் சொல்லுங்கள்.”

சொன்னார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அந்த நேரம் பார்த்து இரைச்சல்கூட நின்றுவிட்டது. பொத்தான் ஒளிர்ந்தது, அழுத்தினேன். “ரொம்ப நன்றி மேடம், நல்லா இருப்பீங்க” என்றார். எட்டு விநாடிகளில் அடுத்த அழைப்பு வந்தது. எடுத்தேன், பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது.

சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியை மறுபடி மடித்தேன். அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“இன்னைக்கு எப்படிங்க போச்சு?”

“எப்பவும் போலத்தான். உனக்கு?”

“எனக்கும்தான்.”

மகள் ஓடி வந்த வேகத்தில் மேஜை மேலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை முழுக்க நனைந்துபோனது.

“கண்ணு தெரியலையா? அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு” என்றேன். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்.

“அப்பா, மன்...”

“எதுக்கு?” அவர் போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தெரியாமத்தான கொட்டுச்சு? எம் பொண்ணு யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேணாம். எங்கிட்டயும் வேணாம்.”

அவர் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சொல்ல வந்த வார்த்தை பாதி வாயில் நிற்க, குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பிழிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.