ஷின்ஜோ தண்ணீர் குடித்தானா?

செந்தில்குமார் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே பஸ்ஸில் பெரம்பலூர் போய் வந்தோம். என் சட்டையை அவன் போட்டிருக்கிறான், அவனுடைய ரெக்கார்டை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் காலனிக்குள் வந்தால் மட்டும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டான். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மணியடிப்பான். என் அம்மா பஞ்சவர்ணம் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினால், "இப்பதான் குடிச்சேன்" என்பான். சித்திரை வெயிலில் வாய் காய்ந்துபோய் நின்றுகொண்டு அப்படிச் சொல்வான். ஒட்டகம்கூட அத்தனை முறை குடித்துவிட்டு வராது.

அவனையும் என்னையும் சேர்த்து வைத்தது ஒரு ஜப்பான் கார்ட்டூன். கார்ட்டூன் என்று சொன்னால் செந்திலுக்குக் கோபம் வரும். "அனிமேன்னு சொல்லுடா" என்பான். பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வார்த்தையை எங்களுக்காகக் கற்றுக்கொண்டு வந்தவன் அவன்தான். தொடரின் பெயர் 'ஏழு வாயில்'. தமிழில் பேச வைத்து தினமும் சாயங்காலம் போட்டார்கள். ஜப்பானில் அது வருடக்கணக்காக ஓடுகிறதாம், இன்னும் முடிந்தபாடில்லையாம். ஷின்ஜோ என்ற பையன் வாயில் வாயிலாகத் தாண்டி வேறு வேறு உலகங்களுக்குப் போவான். அடி வாங்குவான், பிறகு அடிப்பான். எங்களுக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. அதனால் செந்தில் வீட்டு ஹாலில்தான் பார்ப்போம். மூன்றாவது ஆள் ஜாபர், லப்பைக்குடிக்காட்டுக்காரன். அவன் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான்.

அந்த ஹாலுக்கு டைல்ஸ் ஒட்டியது என் அப்பா சாமிக்கண்ணு. அதில் நான் தாராளமாக உட்காரலாம். காலம் மாறிவிட்டது என்று செந்திலின் அப்பாவே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா செல்வம்மாள் டீ கொண்டுவருவார். செந்திலுக்கு எவர்சில்வர் டம்ளர். ஜாபருக்குக் கண்ணாடி கிளாஸ். எனக்கு பிளாஸ்டிக் கப். "புதுசுப்பா, யாரும் வாய் வைக்காதது" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார். மாறிய காலம் எனக்கு பிளாஸ்டிக்கில் வந்தது. குடித்து முடித்ததும் கப்பை நானே நசுக்கி எடுத்துப்போய்க் கொல்லைக் குப்பையில் போட்டுவிட்டு வருவேன். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே கை அதைக் கற்றுக்கொண்டது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ஷின்ஜோ காலத்தின் வாயிலுக்குள் போனான். இருநூறு வருடம் பின்னால், தன் பாட்டன் பூட்டன் வாழ்ந்த ஊருக்கு. வாயிலைக் காக்கும் கிழவன் ஒரே ஒரு சட்டம் சொல்லி அனுப்பினான்: பழைய காலத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் திரும்பி வர முடியாது. அங்கே போனால் ஷின்ஜோவின் மூதாதை கிணறு வெட்டுகிற கூலியாள். ஊரே அவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. யாரென்று தெரியாமலே அவன் ஷின்ஜோவைக் குடிசைக்குள் கூப்பிட்டு, தான் வெட்டிய கிணற்றுத் தண்ணீரை மூங்கில் குவளையில் நீட்டுகிறான். ஷின்ஜோவுக்கோ நாக்கு வறண்டு கிடக்கிறது. குவளையை வாங்கி வாய்வரைக்கும் கொண்டுபோகிறான். அங்கே நிறுத்தி, 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஓடி வந்து உட்கார்ந்தால், சேனல்காரன் மறுபடியும் முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்திருந்தான். அந்தச் சேனலின் புத்தியே அதுதான். வாங்கி வைத்தது தீர்ந்தால் பழையதைத் திருப்பி ஓட்டுவான், புதுசு வந்தால்தான் தொடர்ச்சி.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரே சண்டை. பஸ்ஸிலும் பேசினோம், ஒர்க்‌ஷாப்பில் அரத்தைப் பிடித்துக்கொண்டும் பேசினோம். செந்தில் விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன்.

"ரூல்னா ரூல்டா மணிவண்ணா" என்பான் செந்தில். "குடிச்சா திரும்ப முடியாது. இன்னும் எத்தனையோ எபிசோடு அவன்தானே ஹீரோ? அப்ப திரும்பிட்டான். திரும்பிட்டான்னா குடிக்கல. அவ்ளோதான்."

"அந்த ரூலைச் சொன்னது யாரு? வாசல்ல குந்தியிருக்கிற கிழவன். அவன் என்னைக்காச்சும் உள்ள போயிக் குடிச்சுப் பாத்திருக்கானா?"

"பெரியவங்க சும்மாவா சொல்லுவாங்க?"

ஜாபர் நடுவில் புகுந்து, "டேய், தண்ணிய வாயிலயே வச்சிக்கிட்டு வந்து இந்தப் பக்கம் துப்பியிருப்பாண்டா. அவனுக்கும் மனசு நோவல, ரூலும் உடையல. அல்லாஹ் மேல ஆணையா இதான் நடந்திருக்கும்" என்பான். அவன் சமாதானங்கள் எல்லாமே இந்த ரகம்தான்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "அவன் குடிக்காம வச்சிட்டா, குடுத்தவன் மனசு என்னாகும்? பெத்த வம்சமே தன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கலன்னா அவனுக்கு எப்புடி இருக்கும்?"

செந்தில் யோசிக்கக்கூட இல்லை. "அவன் செத்து இருநூறு வருஷமாச்சு. அவன் மனச யாருடா இப்ப பாக்கறது?"

இவனுக்குப் பழைய காலத்தில் ஒன்றும் மாற வேண்டியதில்லை, அங்கேயும் இவன் சௌகரியமாகத்தான் இருந்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று இவன் வாய் கிழியப் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

"பந்தயம் வச்சிக்கலாமா?" என்றேன். "ஷின்ஜோ குடிக்கலன்னா, இனிமே உன் ரெக்கார்டு எல்லாத்தையும் நானே எழுதறேன். குடிச்சிருந்தான்னா, நீ எங்க வூட்டுல வந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்."

ஜாபர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்தான். செந்தில் மட்டும் சிரித்தான். "இவ்ளோதானா? அதுக்கென்னடா, குடிச்சிட்டாப் போச்சு."

அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். அவன் கெட்டவன் இல்லை, வீட்டுக்குப் பயப்படுகிறான், ஒரு முறை குடித்துவிட்டால் பயம் விட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்காகவே ஷின்ஜோ குடித்திருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். சொன்னால் வெட்கக்கேடு, ஒரு பொம்மைப் படத்துக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவன் நான்.

மாதங்கள் போயின. அடுத்த வருடம் காலனிக்கு இலவச கலர் டிவி வந்தது. அப்பா கேபிளும் இழுத்தார். சேனலில் ஷின்ஜோ மறுபடி ஒவ்வொரு வாயிலாகத் தாண்டி வந்து, காலத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தான். நாளைக்குப் புது எபிசோடு என்று விளம்பரம் போட்டார்கள்.

"நாளைக்கு எங்க வூட்டுல" என்றேன். செந்தில் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, "சரிடா" என்றான்.

அம்மா காலையிலேயே வீட்டை மெழுகித் துடைத்தாள். சீர்வரிசையில் வந்த டம்ளர் ஒன்று பெட்டியில் கிடந்தது, அவள் பெயர் பொறித்தது. அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் சேர் இரவல் வாங்கி வந்தாள். பந்தயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். ஜாபர் வாசலிலேயே, "அம்மா, தொண்ட காயுது, தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கி, நின்றபடியே மடமடவென்று குடித்தான். "உக்காருப்பா" என்றாள் அம்மா. செந்திலைப் பார்த்து மட்டும், "வாங்க தம்பி, சேர்ல உக்காருங்க" என்றாள். தன் மகன் வயசுப் பையனுக்கு 'ங்க' போட்டாள். அவன் அவளை இதுவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சேரின் நுனியில் உட்கார்ந்தான். அம்மா டம்ளரில் தண்ணீர் மொண்டு அவன் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

படம் ஆரம்பித்தது. முதல் விளம்பரத்திலேயே செந்தில் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு வாட்டர் பாக்கெட்டை எடுத்தான். மூலையைப் பல்லால் கடித்து, உறிஞ்சிக் குடித்தான். ஸ்டூலில் டம்ளர் நிறைந்து இருந்தது. ஜாபர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விளம்பரம் முடிந்தது. ஷின்ஜோ குடித்தான். கழுத்து ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். குடித்துவிட்டு, இன்னொரு குவளை கேட்டான். அந்தக் கூலியாள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் படம் வரைந்தவன் எங்கே பார்த்திருப்பானோ! வாயில் திறந்தது, ஷின்ஜோ திரும்பி வந்தான். கிழவன் தலை குனிந்து, "நான் உள்ளே போனதே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவன் சொன்னதைச் சொன்னேன்" என்றான்.

நான் சொன்னதேதான். எழுந்து குதித்திருக்க வேண்டும், ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

"நீ ஜெயிச்சுட்டடா" என்று செந்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்புறம் தோற்றவனாகத் தெரியக் கூடாதே என்று, "எனக்கு முன்னாடியே தெரியும். நெட்டுல படிச்சிட்டேன்" என்றான்.

முன்னாடியே தெரிந்துதான் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"தண்ணி?" என்றேன்.

டம்ளரைப் பார்த்தான். கையைக்கூட நீட்டினான். பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டினான். "இப்பதான்டா பாக்கெட் குடிச்சேன். வயிறு ரொம்பிடுச்சு. இன்னொரு நாளைக்கு."

வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தான். சேர் காலடியில் அவன் கடித்துப் போட்ட பாக்கெட் கிடந்தது. அம்மா குனிந்து அதைக் கையால் எடுத்தாள். அவள் தேய்த்து வைத்த டம்ளரில் அவன் வாய் படாது, அவன் எச்சிலை மட்டும் அவள் கை எடுக்க வேண்டும். அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

"செந்திலு, நில்லு. இத எடுத்துட்டுப் போ."

"என்னடா? குப்பையில போட்டுடு."

"உங்க வூட்டுல என் கப்ப யாரு எடுத்துப் போட்டது? நான்தானே? உன் எச்சில எங்கம்மாவா அள்ளுவாங்க? எடுத்துக்க."

அவன் முகம் செத்துவிட்டது. புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. இரண்டு விரலால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். ஜாபர் என் தோளில் கை வைத்து, "விடுடா" என்றான். கண்ணாடி கிளாஸில் குடித்தவன் சொல்வான். கையைத் தட்டிவிட்டேன்.

உள்ளே அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். "ஏம்ப்பா இந்த வம்பு? நாளையிலேருந்து உங்கப்பாவுக்கு அவங்க மாடியிலதான் வேலைன்னு தெரியும்ல?"

"தெரியும்."

ஸ்டூலில் இருந்த தண்ணீரை அவள் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, டம்ளரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

நான் அதற்கப்புறம் ஷின்ஜோவைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அப்பா கரணையையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு செந்தில் வீட்டு மாடிக்கு டைல்ஸ் ஒட்டப் போனார். சாயங்காலம் வந்ததும் அம்மா, "டீ கீ குடுத்தாங்களா?" என்று கேட்டாள். குடுத்தாங்க என்றார். எதில் என்று நான் கேட்கவில்லை.