கழிவு மிளகாய்

கடை இறாக்கையில் இருந்த மஞ்சள் லேபல் ஒட்டிய அச்சாறுப் போத்தலை எடுத்து விலையைப் பார்த்த சிவரூபி, அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கறி இல்லாத நாளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உதவும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த விலைக்கு வீட்டுக்கு இரண்டு நாள் அரிசி வாங்கிவிடலாம். தோட்டத்தில் மிளகாயும் பப்பாக்காயும் காய்க்கும்போது இதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? வீட்டிலேயே போடுவது என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் காலை மிளகாய்ச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தர்மபுரத்தில் மரக்கறி வாங்கும் கணபதியிடம் போனாள். அவர் வழக்கம்போல வளைந்த காய்களைப் பொறுக்கி வேறாகப் போட்டார். அது கழிவு. அதற்குக் காசு இல்லை.

"அண்ணை, இண்டைக்குக் கழிவை நான் கொண்டுபோறன். அச்சாறு போட வேணும்."

"கழிவு இஞ்சைதான் நிக்கும் பிள்ளை. அது எல்லாருக்கும் உள்ள வழக்கம்."

"எறியிற சாமான்தானே?"

"எறியிறதோ வைக்கிறதோ என்ரை பாடு."

தூசி படிந்த கையைக் கழுவக் கணபதியின் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கடுகும் வினாகிரியும் மூக்கைத் துளைத்தன. இரண்டு பெண்கள் பலகையில் குந்தியிருந்து வளைந்த மிளகாயைக் கீறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வரிசையாகப் போத்தல்கள். நேற்றுக் கடையில் பார்த்த அதே மஞ்சள் லேபல்.

காது சூடேறியது. விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"கழிவெண்டு சொல்லிச் சும்மா வாங்கி, போத்திலிலை அடைச்சு எங்களுக்கே விக்கிறியளோ?"

தராசடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். கணபதி குரலைத் தாழ்த்தினார். "வினாகிரி, போத்தில், கூலி எல்லாம் ஆற்றை காசு? என்ரைதானே."

"அதுக்கு நீங்கள் காசு எடுங்கோ. மிளகாய்க்கு எங்களுக்குத் தாங்கோ!"

"விருப்பமில்லாட்டி வேறை ஆளைப் பார்."

சிவரூபி தராசடிக்குப் போனாள். நிறுத்து வைத்திருந்த நல்ல மிளகாயையும் வளைந்ததையும் ஒன்றாக வாரித் தன் சாக்கில் கொட்டிக் கட்டினாள்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொண்டந்திட்டியே, நாளைக்குச் செலவுக்கு என்ன செய்யிறது?" என்றான் அவள் கணவன் செந்தூரன். அவள் சாக்கை அடுப்படியில் இறக்கினாள். கோபத்தோடேயே பப்பாக்காயைச் சீவினாள். சின்ன வெங்காயத்தை உரித்தாள். கடுகை வினாகிரி விட்டு அரைத்தாள். கை எரிந்தது. நெஞ்சு அதைவிட எரிந்தது. அடுத்த வீட்டு இராசமலர் வாசலில் வந்து நின்று கேட்டபோது, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"நாசமாய்ப் போவான்! நானும் சாக்குச் சாக்காய் விட்டிட்டு வந்திருக்கிறன்," என்றாள் இராசமலர்.

அந்தக் கிழமை சிவரூபியின் வீட்டில் சோறும் அச்சாறும் மட்டும்தான். ஆனால் இராசமலர் வாயால் கதை பரவி, ஊரில் எவரும் கணபதியிடம் வளைந்த காய் கொண்டுபோகவில்லை. வீட்டிலேயே தெரிந்தெடுத்து, நேரான காயை மட்டும் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் கணபதியே சிவரூபியின் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளை, இனிமேல் வளைஞ்சதுக்கும் அரைவிலை போடுறன். மற்றவையிட்டையும் சொல்லு."

"இவ்வளவு வருசமும் எடுத்ததுக்கு?"

அவர் சைக்கிளைத் திருப்பினார். அவள் படலையைச் சாத்தினாள். அடுத்த நாள் நேரான மிளகாயை மட்டும் கட்டி, முரசுமோட்டையில் வேறொருவரிடம் கொடுக்க விடியவே சைக்கிளை எடுத்தாள். தூரம் அதிகம்தான். வழியெல்லாம் கணபதியைத் திட்டிக்கொண்டே மிதித்தாள்.