சூளைத் தெரு ஓட்டு

அந்த ஊரில் யார் ஓட்டு யாருக்கு என்பது தையல்காரருக்கு மனப்பாடம். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் மாற்றிக் குத்துவாள் என்பதுவரை சொல்வார். இருபத்திரண்டு வருடம் கட்சிக்குக் கொடி தைத்து, பூத்தில் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கோஷம் போட்டவர். மில் தெரு நம்முடையது, சூளைத் தெரு அவர்களுடையது என்பது அவர் கணக்கு. செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவில் முந்நூற்றுப் பத்து ஓட்டு. கட்சிக்கு அதில் முப்பது விழுந்தால் அதிகம். "அங்க போறது வீண் அலைச்சல்" என்று ஒவ்வொரு வேட்பாளரிடமும் சொல்லி வைப்பார். அவர்களும் கால் வைக்க மாட்டார்கள்.

இந்தத் தடவை இரண்டு தெருவும் சேர்ந்த அந்த வார்டு தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். வேட்புமனு கொடுக்கப் போட்டுக்கொண்டு போக ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைத்துவிட்டார். சீட்டு கிடைத்ததோ அவருடைய சகலைக்கு. மனைவியின் தங்கை புருஷன். பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஒரு கூட்டத்தில் தலை காட்டியவனில்லை.

"என்னண்ணே இது?" என்று கட்சிச் செயலாளரிடம் நேரிலேயே கேட்டார்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்களப் பார்த்தா ஜனங்களுக்குக் கொடிதான் ஞாபகம் வருது. அவரப் பார்த்தா தண்ணி ஞாபகம் வருது. எதிர்க்கட்சிக்காரன் வீட்டு மோட்டாரும் அவர்தானே பாக்குறாரு. கோவிச்சுக்காதீங்க."

கோபமா அது? வயிறு பற்றி எரிந்தது. கடைக்கு வந்து ஒரு சட்டைக் கையை மேல்பக்கம் கீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அப்படியே தைத்தார். தெருவில் சகலையின் போஸ்டரை ஒட்டிக்கொண்டு போனார்கள். படத்தில் அவன் காதுவரை சிரித்தான். மூஞ்சியைப் பாரு, காயில் கம்பி மாதிரி மீசை, என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சகலை வீடு தேடி வந்தான். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். "அத்தான், நீங்க இல்லாம இவரால ஒண்ணும் ஆகாது" என்றாள் கொழுந்தியாள். அக்காளும் தங்கையும் சமையலறைக்குள் போய்ச் சிரித்துப் பேசிய சத்தம் தையல்காரருக்கு ஊசி குத்துவதுபோல் இருந்தது.

"அண்ணே, எனக்கு அரசியல் அ, ஆ தெரியாது. பத்து நாள்தான் இருக்கு. எங்க போகட்டும்? நீங்க சொல்றதுதான்" என்றான் சகலை.

அவன் ஏமாளியாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. தையல்காரர் சிரித்த முகமாகவே சொன்னார்.

"மில் தெரு நம்ம கைக்குள்ள. அங்க ஒரு நாள் போதும். மிச்ச ஒன்பது நாளும் சூளைத் தெருவிலயே சுத்துங்க, தம்பி. வீடு வீடா ஏறி இறங்குங்க."

"அது அவங்க கோட்டைன்னு சொல்வாங்களே?"

"கோட்டைன்னா உடைக்கத்தானே."

சமையலறை வாசலில் காபியோடு நின்ற மனைவி கணவனை ஒருமுறை பார்த்தாள். பேசாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பது நாளும் சகலை சூளைத் தெருவிலேயே கிடந்தான். செம்மண் அப்பிய வேட்டியோடு அவன் திரும்புவதைக் கடையிலிருந்து பார்க்கும்போது தையல்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஓட்டுப் போடும் நாளன்று தடுப்புக்குப் பின்னால் அவர் விரல் வாழ்நாளில் முதல் தடவையாக எதிர்க்கட்சிச் சின்னத்தை அமுக்கியது. வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சகலையின் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க" என்றார்.

பள்ளிக்கூடத்து ஹாலில் எண்ணினார்கள். மில் தெருவில் வழக்கத்தைவிட நாற்பது குறைந்தது. தையல்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். அடுத்து சூளைத் தெரு. எதிர்க்கட்சிக்கு எழுபத்தாறு. சகலைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

"இன்னொரு தடவ பாருங்க சார், தப்பா இருக்கும்" என்று தையல்காரரே கேட்டுவிட்டார். சொந்தக் கட்சி ஏஜெண்டு இப்படிக் கேட்பதைப் பார்த்து அதிகாரி புருவத்தைத் தூக்கினார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சகலை ஜெயித்துவிட்டான்.

வாசலில் சூளைத் தெருக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். செங்கல் சுமக்கிற ஒரு பெண் அவரைக் கண்டதும் முன்னால் வந்தாள்.

"தையக்காரரே, நீங்கதான் அவர அனுப்பினீங்களாமே? எங்க தெருவுல உங்க கட்சி ஆளு ஒருத்தரும் கால் வச்சதே இல்ல. ஓட்டுப் போடுன்னு கேட்டாத்தானே போடறதுக்கு? இத்தன வருசமா ஏன் அனுப்பல?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சகலை தன் கழுத்து மாலையைக் கழற்றித் தையல்காரருக்குப் போட்டான். "எல்லாம் எங்கண்ணன் போட்ட திட்டம்!" என்று கத்தினான். ஜனங்கள் கை தட்டினார்கள். மாலை ஈரமாக, கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அவன் தோக்கணும்னுதான் அங்க அனுப்பினேன்" என்றார் மனைவியிடம். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"தெரியும்" என்றாள் அவள். "அன்னைக்கே தெரியும். சொன்னா என் தங்கச்சி மனசு ஒடிஞ்சு போயிருப்பா."

"அவன் என்னையப் புகழறான். அதான் தாங்கல."

"தாங்கித்தான் ஆகணும். வேற வழி?"

மறுநாள் காலை செயலாளர் கடைக்கே வந்து, அடுத்த தேர்தலுக்குப் பத்து வார்டுக்கும் நீங்கள்தான் திட்டம் போட வேண்டும் என்றார். எதிர்ச் சுவர் போஸ்டரிலிருந்து சகலை இன்னும் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தான். தையல்காரர் சரி என்று தலையாட்டினார். வயிற்றெரிச்சல் ஒரு துளிகூடக் குறையவில்லை.