யார் வீட்டுப் பெண்

குலப்பெயரைச் சொன்னால் போதும், தீவே வாரி அணைத்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் ஊனா கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள தெற்கு யூயிஸ்ட் தீவுக்கு வந்திருந்தாள். அப்பா ஹெக்டர் மக்கின்னஸ் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே. கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்ப அவளுக்கு ஒரு விலாசம்கூடக் கிடையாது. ரத்த சொந்தம் என்று ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும். அப்பாவோ தீவைப் பற்றி வாயே திறந்ததில்லை. "நாம யூயிஸ்ட் ஆளுங்க" என்பதோடு சரி.

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எடின்பரோ துணிக்கடைக்காரி பச்சைக் கட்டம் போட்ட பாவாடை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தாள். குலத்துக்கு ஒரு கட்டம் உண்டு, இது உங்கள் குலத்து நிறம் என்றாள். இவளும் நம்பினாள். காசு கொடுத்தால் கடையில் கிடைக்காத குலமா?

அதை உடுத்திக்கொண்டுதான் சனிக்கிழமைத் தேநீருக்கு சர்ச் கூடத்தில் நுழைந்தாள். அங்கே எல்லோரும் ரப்பர் பூட்ஸும் பழைய ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"யம்மா, மேஜை விரிப்பு நல்லாயிருக்கு!" என்றார் லாக்கி. வயது எழுபதைத் தொட்டாலும் வாய் மட்டும் இருபதுக்கு மேல் வளரவில்லை. "யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"மக்கின்னஸ்."

கூடமே சிரித்தது.

"இங்க கல்லை விட்டா ஏதாவது ஒரு மக்கின்னஸ் தலையிலதான் விழும். குலப்பேரு தபால்காரனுக்கு. உங்கப்பன் யாரு, அவங்கப்பன் யாரு, அதைச் சொல்லு. இந்தா, இப்படி." நெஞ்சை நிமிர்த்தினார். "லாக்கி, ரோனல்ட் மகன். ரோனல்ட், யூவன் மகன். யூவன், கறுப்பு நீல் மகன்..." ஏழு தலைமுறையையும் மூச்சுவிடாமல் கொட்டினார்.

"ஊனா, ஹெக்டர் மகள்."

"சரி. ஹெக்டர் யார் மகன்?"

"அதை அப்பா சொன்னதே இல்ல."

மூலையில் பின்னிக்கொண்டிருந்த கிழவி பெய்கி தலை நிமிர்ந்தாள். "உங்கப்பனுக்கு இடது காது கிழிஞ்சிருக்குமா?"

"ஆமா! நாய் கடிச்சதும்பார்."

"அப்ப ஆங்கஸ் வீட்டு ஹெக்டர்தான்."

ஊனா அவளருகே போனாள். "ஆங்கஸ் என் தாத்தாவா?"

"இல்ல கண்ணு." பெய்கி ஊசியைக் கீழே வைத்தாள். "கிளாஸ்கோவுல நாதியத்த பிள்ளைங்களை அப்பல்லாம் கப்பலேத்தி இங்க அனுப்புவாங்க. துறையில வந்து நிக்குங்க. ஆளாளுக்கு ஒண்ணைக் கூட்டிட்டுப் போவாங்க. எந்த வீடோ அந்த வீட்டுப் பேரு. ஆங்கஸுக்கு மாடு பார்க்க ஆள் வேணும், அவ்வளவுதான். படுக்கை மாட்டுக் கொட்டாய்ல. பதினஞ்சு வயசுல ஓடிட்டான். நாங்க யாரும் தேடல."

ஊனா நாற்காலியில் உட்கார்ந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். அவமானமாக இருந்தது. அதற்கும் மேலாக, அப்பா செத்த மறுநாளைவிடவும் தனிமையாக இருந்தது. அந்தக் கொட்டகையைத்தான் மனிதர் ஆயுசு முழுக்க ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவரோட நிஜக் குலப்பேரு என்ன?"

பெய்கி லாக்கியைப் பார்த்தாள். "உனக்குத் தெரியணுமேடா. ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதானே வந்து இறங்கினீங்க?"

அந்த ஏழு தலைமுறையும் லாக்கியை வளர்த்த வீட்டினுடையது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷமாக ஒருவரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

"வழியெல்லாம் என் கையைப் புடிச்சுக்கிட்டே வந்தான்," என்றார் லாக்கி மெதுவாக. "பேரு மறந்துடக் கூடாதுன்னு. அவனோடதை நான் ஞாபகம் வச்சுக்கணும், என்னோடதை அவன் ஞாபகம் வச்சுக்கணும்னு பேச்சு."

"சொல்லுங்க. என்ன பேரு?"

லாக்கி வாயைத் திறந்தார். ரோனல்ட், யூவன், கறுப்பு நீல் என்று வளர்த்த வீட்டுப் பெயர்களே முட்டிக்கொண்டு வந்தன.

"போயிடுச்சும்மா," என்றார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "என்னோட நிஜப் பேரை... உங்கப்பன் வீட்டுல எப்பவாவது சொல்லியிருக்கானா?"

ஊனா இல்லையென்று தலையாட்டினாள்.